பழைய நாற்காலியைத் திருத்தியவர்

ஸ்பானிய நாற்காலியை முன்னால் நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. தடித்த ஓக் மரச் சட்டம். உட்கார ஒரு தோல், முதுகு சாய ஒரு தோல். இரண்டு பக்கமும் பலகையாகவே கிடக்கும் அகலமான கைகள். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தால்தான் வேலை புரியும். முதுகுத் தோல் இரண்டு பின்கால்களையும் சுற்றி வந்து, வாரும் பக்கிளுமாகப் பின்னே சந்திக்கிறது. இருக்கைத் தோலும் அப்படியே, சட்டத்துக்கு அடியில். தோலை மரத்தோடு பிணைக்க ஆணியும் இல்லை, பசையும் இல்லை. உள்ளே பஞ்சும் இல்லை. குதிரைச் சேணத்துக்குப் பயன்படும் கெட்டித் தோல் அது. ஆள் எடையில் வருடக்கணக்கில் மெல்ல நீண்டு தொய்யும். தொய்ந்தால் பட்டறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. உடம்பு இளைத்தவர் இடுப்பு பெல்ட்டை ஒரு துளை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல, வீட்டுக்காரரே வாரை இழுத்துப் பூட்டிக்கொள்ளலாம்.

1958இல் இதை வடிவமைத்தவர் டென்மார்க்கின் போர்கே மோகென்சென். இருபதாம் நூற்றாண்டு நவீன அறைகலன்களின் பட்டியல் எதை எடுத்தாலும் இந்த நாற்காலி இருக்கும். ஆனால் அதன் உறுப்புகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் புதியது என்று சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. அகலக் கை பழையது. இழுத்துக் கட்டிய தோல் பழையது. மரம், பொருத்து, பக்கிள் எல்லாமே பழையவை. அப்படியிருக்க இது எப்படி ‘நவீனம்’ ஆயிற்று என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. என் பதில் இது: மோகென்சென்னுக்குக் கண்டுபிடிப்பில் அக்கறை இல்லை, திருத்தத்தில்தான் அக்கறை. ஏற்கெனவே இருக்கும் ஒரு நாற்காலியை எடுத்து, அளந்து, வேண்டாததை வெட்டி எறிவதே அவருடைய வேலை முறை. அந்த முறைக்கு ஒரு குருமரபு உண்டு.

மோகென்சென் 1914 ஏப்ரல் 13 அன்று டென்மார்க்கின் வடபகுதியில் உள்ள ஆல்போர்க் நகரில் பிறந்தார். முதலில் கற்றது தச்சுத் தொழில். 1936 முதல் 1938 வரை கோபன்ஹேகன் கைவினைப் பள்ளியிலும், அதன் பிறகு அரச கலைக் கழகத்தின் அறைகலன் பள்ளியிலும் படித்தார். அந்தப் பள்ளியை 1924இல் தொடங்கி நடத்திவந்தவர் காரே கிளிண்ட். மோகென்சென் பிறந்த அதே 1914இல் கிளிண்ட் ஃபாபோர்க் அருங்காட்சியகத்துக்காக ஓக் மரத்தில், பிரம்பு பின்னி, வளைந்த முதுகும் கையுமாக ஒரு நாற்காலி செய்தார். பார்வையாளர் தூக்கிக்கொண்டு போய் விரும்பிய ஓவியத்துக்கு எதிரே போட்டு உட்காரும் அளவுக்கு எடை குறைவு. டேனிஷ் நவீன அறைகலனின் கதையை அந்த நாற்காலியிலிருந்து தொடங்குகிறவர்கள் பலர்.

கிளிண்ட்டின் பள்ளியில் மாணவர்கள் வெற்றுக் காகிதத்தில் கற்பனையாக வரைவதில்லை. பழைய நாற்காலியைக் கொண்டுவந்து வைத்து மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வரைவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேய நாற்காலி, பண்டைய எகிப்தின் மடக்கு முக்காலி, கப்பல் தளத்துச் சாய்வு நாற்காலி, அமெரிக்க ஷேக்கர் சமயத்தாரின் ஆடும் நாற்காலி. எல்லாமே பாடப் பொருள்கள். பல தலைமுறைத் தச்சர்கள் உழைத்துச் சேர்த்த அறிவு அவற்றில் இருக்கிறது, அதைத் தூக்கி எறிவது மடமை என்பது கிளிண்ட்டின் கட்சி. கூடவே மனித உடலையும் அளந்தார். சட்டை, தட்டு, கரண்டி போன்ற வீட்டுப் பொருள்களையும் அளந்தார். அலமாரியின் ஆழத்தைத் தீர்மானிப்பது அழகுணர்ச்சி அல்ல, மடித்த சட்டையின் அகலம்.

அதே காலத்தில் ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியில் வேறு காற்று வீசிக்கொண்டிருந்தது. மார்செல் ப்ராயர் 1925இல் தன் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்து, எஃகுக் குழாயை வளைத்து நாற்காலி செய்ய முடியும் என்று கண்டுகொண்டார். பழையதை முழுசாக அறுத்துக்கொண்டு புறப்பட்ட நவீனம் அது. டென்மார்க்குக்காரர்கள் மரத்தை விடவில்லை. அவர்களுடையது பின்தங்கிய நவீனம் என்று சொன்னவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ப்ராயரின் நாற்காலியிலும் சட்டத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய பட்டைகளில்தான் ஆள் உட்காருகிறார்.

இழுத்துக் கட்டிய இருக்கையின் வம்சாவளியில் ஓர் இந்திய ஊரும் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவ அதிகாரிகள் முகாமுக்கு முகாம் கழற்றிக் கட்டித் தூக்கிச் சென்ற ஒரு நாற்காலிக்கு ‘ரூர்க்கி நாற்காலி’ என்று பெயர். ராணுவப் பொறியாளர்களின் இருப்பிடமான ரூர்க்கி நகரத்தின் பெயர்தான் அது. நான்கு கால்களும் குறுக்குச் சட்டங்களும் துளையில் செருகப்பட்டிருக்கும், பசை கிடையாது. தோல் வாரின் இழுவிசையும் உட்காருபவரின் எடையுமே பொருத்துகளை இறுக்கிப் பிடிக்கும். பொருத்துகள் சற்று அசைந்துகொடுப்பதால் மேடுபள்ளத் தரையிலும் நான்கு காலும் ஊன்றும். 1933இல் கிளிண்ட் செய்த ‘சஃபாரி நாற்காலி’ இந்த வகையின் திருத்திய பதிப்பு. அந்தப் பரம்பரையில் வந்தவைதான் மோகென்சென்னின் தோல் நாற்காலிகள்.

ஆனால் மோகென்சென்னை நாடறியச் செய்தது தோல் நாற்காலி அல்ல. 1942இல், 28 வயதில், அவர் டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவுச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்.டி.பி.யில் அறைகலன் வடிவமைப்புப் பிரிவின் தலைவரானார். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலம். பொருள் தட்டுப்பாடு. சிறிய அடுக்குமாடி வீட்டில் வாழும் சாதாரணக் குடும்பத்துக்கு நல்ல, மலிவான, எளிதில் தூக்கி நகர்த்தக்கூடிய அறைகலன்களைத் தர வேண்டும் என்பது திட்டம். 1944இல் கோபன்ஹேகனில் சங்கத்தின் கடை திறக்கப்பட்டது. 1947இல் ஜே39 என்ற எண்ணில் ஒரு சாப்பாட்டு மேசை நாற்காலி வந்தது. முறுக்கிய காகிதக் கயிற்றால் பின்னிய இருக்கை, முதுகுக்கு வளைந்த ஒரே பலகை, அலங்காரம் அறவே இல்லை. ஷேக்கர் நாற்காலியின் சாயல் அப்பட்டமாகத் தெரியும். ‘மக்கள் நாற்காலி’ என்றே பெயர் வாங்கியது.

மக்கள் வாங்கினார்களா என்றால், யார் மக்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தொழிலாளர் குடும்பங்களில் பலருக்கு இந்த மொட்டை நாற்காலி பிடிக்கவில்லை. வாழ்க்கையில் கொஞ்சம் நிமிர்ந்தவுடன் அவர்கள் ஆசைப்பட்டது செதுக்கு வேலையும் பளபளப்பும் மெத்தையும் கொண்ட பெரிய சோபா தொகுதிக்கு. எளிமையை விரும்பி வாங்கியவர்கள் பெரும்பாலும் படித்த நடுத்தர வர்க்கத்தினர். சிக்கனத்தை அழகாகப் பார்ப்பதற்கு ஓரளவு வசதி வேண்டும்போலும். நம்முடைய ஊர்களிலும் கதர் யாருடைய உடை என்ற கேள்வி இதே வழியில்தான் போகும்.

1950இல் மோகென்சென் கூட்டுறவுப் பொறுப்பை விட்டுத் தனி அலுவலகம் தொடங்கினார். அதே ஆண்டு கோபன்ஹேகன் தச்சர் சங்கத்தின் கண்காட்சிக்காக ‘வேட்டைக் குடில்’ என்ற தலைப்பில் ஓர் அறையை அமைத்தார். 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடந்த அந்தக் கண்காட்சியில் ஒரு வடிவமைப்பாளரும் ஒரு தச்சுப் பட்டறையும் கைகோத்துக்கொள்வது வழக்கம். இவருக்கு அமைந்தவர் எர்ஹார்ட் ராஸ்முஸ்ஸென். அந்த அறைக்காக உருவானது ‘வேட்டை நாற்காலி’. கை கிடையாது, தாழ்ந்து, பின்னோக்கிச் சரிந்த ஓக் சட்டம், அதில் சேணத் தோல் வாரால் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். எட்டு வருடம் கழித்து வந்த ஸ்பானிய நாற்காலியின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. நெருக்கடி வீட்டுக்கு அறைகலன் செய்துகொண்டிருந்த மனிதர், வேட்டைக்குப் போகும் வசதி உள்ளவர்களின் குடிலுக்கு வந்து சேர்ந்தது எனக்கு எப்போதும் ஒரு நெருடல். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அதைச் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அடுத்து ஸ்பெயின் பயணம். அங்கே அவர் கண்ட பழைய நாற்காலி வகை ஒன்று மனத்தில் தங்கியது. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ஸ்பெயினின் மடங்களிலும் மாளிகைகளிலும் புழங்கிய ‘துறவி நாற்காலி’யை அருங்காட்சியகங்களில் இன்றும் பார்க்கலாம். நிமிர்ந்த கனமான சட்டம், தட்டையான அகலக் கைகள், சட்டத்தின் குறுக்கே இழுத்து, பெரிய கொண்டை ஆணிகளை வரிசையாக அடித்து நிறுத்திய தோல். முன்கால்களுக்கு நடுவே பூவேலை செதுக்கிய ஒரு பலகை. உட்கார்ந்தால் முதுகு விறைத்து நிற்கும். அதிகாரத்தில் இருப்பவர் எதிரே நிற்பவரைப் பார்ப்பதற்கான நாற்காலி அது.

மோகென்சென் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். செதுக்கிய பலகை போயிற்று. ஆணி வரிசை போய், பின்னால் மறைந்த பக்கிள்கள் வந்தன. ஆணி அடித்த தோல் தொய்ந்தால் பிய்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். பக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருக்கை கீழே இறங்கிற்று. சாப்பாட்டு மேசை நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. இருக்கும், இதில் சுமார் 33 செ.மீ.தான். இருக்கை பின்னோக்கிச் சரிந்தது, முதுகும் கூடவே சாய்ந்தது. அதிகார நாற்காலியை ஓய்வு நாற்காலியாக்கியது இந்தச் சரிவுதான். அகலக் கையை மட்டும் அவர் தொடவில்லை. அதை விட்டுவைத்ததில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. 1958இல் நாற்காலியை முதன்முதலில் காட்சிக்கு வைத்த வரவேற்பறையில் தரையில் மேசையே கிடையாது. இடம் தாராளமாக இருக்கட்டும் என்று எல்லா மேசைகளையும் அப்புறப்படுத்தியிருந்தார். காபிக் கோப்பையை எங்கே வைப்பது? நாற்காலியின் கையில். துறவிக்கு முழங்கை ஊன்ற இருந்த பலகை, 1958இன் வீட்டுக்காரருக்குக் குட்டி மேசை ஆகிவிட்டது.

குறையும் உண்டு. அந்தத் தாழ்வும் சரிவும் சேர்ந்து, மூட்டுவலிக்காரர்களுக்கு எழுந்திருப்பது பாடு. அகலக் கையில் இரண்டு கையையும் ஊன்றித்தான் எழ வேண்டும். புதிய தோல் விறைப்பாகவும் சில்லென்றும் இருக்கும். பழகி இளக வருடங்கள் ஆகும். எல்லோருக்குமான நாற்காலி என்று இதைப் புகழ்கிறவர்கள் இதில் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி மரத்துக்கு வருவோம். 1950களில் டேனிஷ் அறைகலன் அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்தது. அந்தச் சந்தையின் மரம் தேக்கு. தாய்லாந்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த தேக்கில் வழவழவென்று இழைத்த வளைவுகளையே உலகம் ‘டேனிஷ்’ என்று புரிந்துகொண்டது. மோகென்சென்னும் தேக்கில் செய்திருக்கிறார். ஆனால் அவர் மனம் ஒட்டியது உள்நாட்டு மரங்களில், எல்லாவற்றுக்கும் மேலாக ஓக்கில். டென்மார்க்குக்காரர்களுக்கு ஓக் ஒரு பழைய காயத்தையும் நினைவூட்டும். 1807இல் பிரிட்டிஷ் படை கோபன்ஹேகன் மீது குண்டு பொழிந்து டேனிஷ் கடற்படையின் கப்பல்களைக் கைப்பற்றிக்கொண்டு போனது. புதிய கப்பல் கட்ட ஓக் வேண்டுமே என்று அரசு காடுகாடாக ஓக் கன்றுகளை நட்டது. கப்பல் கட்டும் அளவுக்கு அவை வைரம் பாய ஒன்றரை இரண்டு நூற்றாண்டு ஆகும். அதற்குள் உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது.

ஓக் எளிதான மரம் அல்ல. அதன் ஆண்டு வளையங்களில் வசந்தகால வளர்ச்சி பெரிய துளைகளாகவும் கோடைகால வளர்ச்சி கெட்டியாகவும் மாறி மாறி வருவதால் பரப்பு சொரசொரப்பாக, ரேகை அழுத்தமாகத் தெரியும். தேக்கில் எடுபடும் மெல்லிய, நழுவும் வளைவுகள் இதில் எடுபடாது. நேர்கோடும் தட்டைப் பரப்பும் தடித்த கனமும்தான் பொருந்தும். கட்டையை நடுமையத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி ஆரவாக்கில் அறுத்தால் பலகை அதிகம் கோணாது. அப்படி அறுத்த முகத்தில் வெள்ளி நிறத் திட்டுகள் மின்னும். மரத்துக்குள் குறுக்கே ஓடும் கதிர் இழைகள் வெட்டுப்பட்டு வெளியே தெரிவதுதான் அது. ஸ்பானிய நாற்காலி போன்ற வடிவத்தில், அகலக் கையே இந்த ரேகையைக் காட்டும் ஓவியச் சட்டம்.

ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் ஏராளம். ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாகத் தோல் பதனிடப் பயன்பட்டது ஓக் பட்டைதான். சேணத் தோலும் தாவரச் சாற்றில் பதனிட்டது, ஆகவே அதிலும் டானின் உண்டு. இரண்டுக்கும் பொதுவான பகை இரும்பு. ஈரமான ஓக்கில் இரும்பாணி பட்டால் கறுநீலக் கறை பிடிக்கும். பழங்காலத்து மை செய்த வித்தையும் அதே வேதியியல்தான். ஓக் வேலையில் பித்தளைப் பொருத்துகள் வழக்கமானதற்கு இது ஒரு காரணம். பழைய ஸ்பானிய நாற்காலிகளின் பித்தளைப் பக்கிள் தோலின் நிறத்தோடு சேர்ந்து மங்கி வருவது கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்பதும் உண்மை.

பூச்சிலும் டேனிஷ் பட்டறைகளுக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. ஓக்குக்கு வார்னிஷ் அடிக்காமல் சோப்புத் தூளை வெந்நீரில் கரைத்துத் துடைப்பார்கள். மரத்தின் துளைகளில் சோப்பு இறங்கி நிற்கும். மேலே படலம் எதுவும் இருக்காது. நிறம் வெளிறியே இருக்கும். அழுக்குப் பட்டால் மறுபடியும் அதே சோப்பு நீர். கையில் கோப்பை வைத்த வட்டக் கறை விழுந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மீண்டும் சோப்பு. பக்கிளைப் போலவே இதுவும் பராமரிப்பை வீட்டுக்காரரிடம் விட்டுவிடும் ஏற்பாடு.

இந்த நாற்காலியைச் செய்து விற்றது ஃப்ரெடரீசியா நகரத்து நாற்காலித் தொழிற்சாலை. 1911இல் தொடங்கப்பட்ட அதை 1955இல் ஆந்த்ரியாஸ் கிராவர்சென் எடுத்து நடத்தத் தொடங்கினார். அவர் தேடிப் பிடித்து வந்த வடிவமைப்பாளர் மோகென்சென். 1958இலேயே கெந்தோஃப்தேயில் மோகென்சென் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். அந்த வீடு பரிசோதனைக்கூடமும் ஆயிற்று. 1962இல் வந்த தோல் சோபா முதலில் அந்த வீட்டுக்காகவே வரையப்பட்டது. இதற்கிடையில் கிரெத்தே மேயரோடு சேர்ந்து வீட்டுச் சேமிப்பு அலமாரிகளுக்கான பெரிய ஆய்வு, லிஸ் ஆல்மனோடு சேர்ந்து அறைகலன் துணிகள் என்று வேலை ஓயவில்லை.

அவருடைய நெருங்கிய நண்பர் ஹான்ஸ் வெக்னர். இருவரும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். வெக்னர் 11 நாள் மூத்தவர். கைவினைப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். மோகென்சென்னின் மகன் பீட்டருக்காக 1944இல் வெக்னர் செய்து கொடுத்த, கருவி இல்லாமலே கழற்றிப் பூட்டும் குட்டி நாற்காலி இன்றும் விற்பனையில் இருக்கிறது. வெக்னரின் நாற்காலிகள் ஏறத்தாழ 500 இருக்கும். ஒவ்வொன்றிலும் பொருத்து ஒரு சிற்பமாக வளையும். அருகே வைத்தால் மோகென்சென்னின் வேலை முரட்டுத்தனமாகத் தெரியும். எனக்கு அந்த முரடுதான் பிடித்திருக்கிறது. வெக்னரின் நாற்காலியைச் சுற்றிவந்து பார்க்கத் தோன்றும். மோகென்சென்னின் நாற்காலியில் காலை நீட்டி உட்காரத் தோன்றும்.

மோகென்சென் 1972 அக்டோபரில் 58 வயதில் காலமானார். லண்டனில் அளிக்கப்படும் தொழில் வடிவமைப்பாளருக்கான அரச கௌரவம் அவருக்கு அந்த ஆண்டுதான் வந்தது. ஸ்பானிய நாற்காலி அவருக்குப் பின்னும் ஃப்ரெடரீசியாவில் தயாராகிக்கொண்டே இருக்கிறது. புதியதன் விலையே பல ஆயிரம் யூரோ. கூட்டுறவுக் கடைக்காக வரைந்த கையிலிருந்து வந்த பொருள், கோபன்ஹேகன் ஏலக்கூடங்களில் பணக்காரர்களின் பண்டமாகிவிட்டது. வடிவம் மாறவே இல்லை என்பதால், பழைய நாற்காலிக்குத் தனி விலை கொடுப்பவர் உண்மையில் வாங்குவது தேய்மானத்தை: தேன் நிறத்துக்கு வந்த ஓக், வெளிர் பழுப்பிலிருந்து காபிக் கொட்டை நிறத்துக்கு ஆழ்ந்த தோல், கைப்பலகையின் முனையில் உள்ளங்கைகள் ஏற்றிய மெருகு.

தேய்மானத்திலும் நல்லது கெட்டது உண்டு. வாரின் துளைகள் வரிசையாக நீண்டு போயிருந்தால் கவலையில்லை. வீட்டுக்காரர் ஒழுங்காக இறுக்கி வந்திருக்கிறார் என்று பொருள். தோலின் முன்விளிம்பில், சட்டத்தின் மேல் மடியும் இடத்தில் நெடுக்கே வெடிப்பு ஓடினால்தான் ஆபத்து. எண்ணெய் காணாமல் வெயில் படக் கிடந்த தோல் அது, எடை தாங்காது. மரத்தில் கறுநீலப் புள்ளி தெரிந்தால் யாரோ இரும்புத் திருகு போட்டுப் பழுது பார்த்திருக்கிறார்கள். தோல் கெட்டுப்போன நாற்காலியை என்ன செய்வது என்பதில் சேகரிப்பாளர்களுக்குள் சண்டை. அசல் தோலை மாற்றினால் ஏல விலை இறங்கும் என்பதால், வெடித்த தோலோடு அப்படியே சுவரோரம் வைத்துவிடுகிறார்கள். மாற்றுவதே சரி என்பேன். பக்கிளை அவிழ்த்தால் தோல் தனியாகக் கையில் வந்துவிடும். பழைய தோலை அச்சாக வைத்துப் புதியதை வெட்டித் துளையிட்டுத் தர ஒரு சேணக்காரர் போதும்; மரச் சட்டத்தில் ஒரு கீறல்கூட விழாது. இந்த வேலை வரும் என்று தெரிந்துதான் வடிவமைப்பாளர் ஆணிகளைக் கழித்துவிட்டு அந்த இடத்தில் பக்கிள்களை வைத்தார்.